திரி இல்லாத வெடி

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேருவதற்கு முன் எம். புதுப்பட்டியில் என்னோடு ஒரே பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை பார்த்தவர். மருந்தை விரலால் தேய்த்தே பதம் சொல்லிவிடுவார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். நமுத்தது வெடிக்காது என்று விரல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கைதான் அவருக்கு வினையானது. குண்டு கண்டுபிடிக்கும் பயிற்சியில், முதல் பரீட்சையிலேயே, குண்டு என்று வைத்திருந்த டிபன் டப்பாவைத் தொட்டுவிட்டார். வாத்தியார் அவர் பெயருக்கு நேரே ‘செத்தான்’ என்று எழுதினாராம். மறுபரீட்சைக்கு முன்னால் லீவில் வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

“திரியே கெடையாது புள்ள. உள்ள ஒரு செல்போனு. எவனோ தூரத்துல நின்னு நம்மளப் பாத்துக்கிட்டே அமுக்குவான். டப்பாவப் பாத்ததும் படுத்துரணும். குண்ட எடுக்குற மிஷின் வர்ற வரைக்கும் கைய நீட்டப்படாது.”

“அடேங்கப்பா! தொடாமலே மருந்து வேலையா?” என்று சிரித்தேன். என் வாய் சும்மா இருக்காது.

ஆனாலும் பழக்கினேன். வீட்டில் டப்பாக்களை ஒளித்து வைப்பேன். அவர் கை நீட்டினால் அகப்பையால் ஒரு போடு. முதல் நாள் புறங்கை சிவந்துபோனது. ஒரு வாரத்தில் கை அடங்கிவிட்டது.

கிளம்புகிற அன்று எனக்குத்தான் கொழுப்பு. கம்பெனியில் ஒரு லோடு முழுக்க வெடிக்காமல் திரும்பி வந்திருந்தது. அதில் ஒரு வெடியைப் பிரித்து மருந்தை அவர் முன்னால் தட்டில் கொட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“என்ன, பட்டாளத்துக்குப் போயி எல்லாம் மறந்துட்டீகளோ?”

ரோஷம் வந்துவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். “நமுத்த மருந்து. மழையில சரக்கு எறக்கிருக்காக.” அதேதான் நடந்திருந்தது.

“எங்க ஆளு கைதான் கை! அந்த மிஷினத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லுங்க” என்றேன். லீவு முழுக்கக் காணாத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

பரீட்சையில் தேறினார். வடக்கே அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, பட்டாளத்தில் அவரோடு இருந்த தேனிக்காரத் தம்பி ஒருவர் வந்தார்.

“பாலத்துக்குக் கீழ டப்பா மழையில நனைஞ்சு கெடந்துச்சு. நான் படுத்துட்டேன் அண்ணி. அண்ணன் மட்டும் போயி டப்பாவத் தொறந்து மருந்தத் தேச்சுப் பாத்தாரு. ‘நமுத்துப் போச்சுடா, எந்திரி’ன்னு சிரிச்சாரு. நனைஞ்சாலும் வெடிக்கிற மருந்தாம், தூரத்துல எவனோ அமுக்கிட்டான். அம்புட்டுத்தான்.”

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார்: “மறுபரீட்சையில ஒரு தடவகூட அவரு கை நீளல அண்ணி. அன்னிக்கு மட்டும் ஏன்?”

“எனக்கென்னய்யா தெரியும்” என்றேன், பக்கத்திலிருந்த மாமியார் காதில் விழும்படியாக.