அந்தோனியார் தராத நித்திரை

முதுகு நோவுக்குத் தந்த குளிசை நோவைப் பாதி குறைத்தது; நித்திரையை முழுதாகக் கொண்டுபோனது. "சிலபேருக்கு இது நித்திரையைக் கெடுக்கும். அப்படியெண்டால் சொல்லுங்கோ, மாத்துவம்," என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கிளினிக் நாள் வரட்டும் என்று இருந்தேன்.

மனைவி அதுவரை பொறுப்பாளா? எனக்கு நித்திரை வந்தால் வெறுங்காலோடு நடந்து வருவதாகக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியோடு ஒரே கேள்வி: "நித்திரை வந்ததோ?" விடிய விடிய முழித்துக் கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஒருநாள் எரிச்சலில், "ஓம், நல்லா நித்திரை கொண்டனான்," என்றேன். அவள் கேட்பதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

அவள் அந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, தன் முழங்கால் நோவையும் பாராமல், கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்துபோனாள். மெழுகுதிரி கொளுத்தி, ஏழைகளுக்குச் சாப்பிடப் பாண் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளங்காலில் கொப்புளம். அதைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: "நித்திரை எப்படி?"

நான் வாயைத் திறக்கமுன் அவள் முந்திக்கொண்டாள். "அந்தோனியார் புண்ணியத்தில நல்ல நித்திரை, டொக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளுடைய காலைப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன்.

"அப்ப இதே குளிசையையே போடுங்கோ."

வெளியே வந்ததும், கொப்புளம் நிலத்தில் படாமல் சரித்துச் சரித்து நடந்தபடி அவள் சொன்னாள்: "இனி உங்கட நோவும் முழுசா மாறவேணும். அதுக்கும் நேர்த்தி வைச்சிட்டன்."