மிளகுப் பாயில் காய்ந்த சீமெந்து

பழைய சுரங்கங்களை நிரப்பும் வேலை எங்கள் மலைப்பக்கத்தில் வேறு இடங்களிலும் தொடங்கப்போவதாகக் கேள்வி. அப்போது சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே காத்திருக்க நேரும். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதாலேயே, சில ஆண்டுகளுக்கு முன் உக்குவளைக்கு அருகே எங்களுக்கு நேர்ந்ததை எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டின் அடியில் காக்காய்ப்பொன் தோண்டிய சுரங்கம் ஒன்று உண்டு. மைக்கா என்றால் பலருக்கும் விளங்கும். ஒரு மழைக்காலத்தில் சமையலறைச் சுவர் வெடித்தது. சுரங்கத்தை நிரப்பி முடிக்கும்வரை அங்கே இருக்கலாகாது என்றார்கள். பள்ளத்துக்கு மறுபுறம், மிளகு வியாபாரி ஒருவரின் வீட்டில் நானும் என் மனைவியும் ஓர் அறையில் குடியேறினோம். சன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவில் எங்கள் கூரை தெரியும். அவள் அதைத் திறந்தே வைத்திருந்தாள்.

நிரப்பும் பணியை நடத்தியவர் ஓர் இளம்பெண் பொறியியலாளர். காக்காய்ப்பொன்னைப் பிரித்தபின் எஞ்சும் கழிவுமணலை நீரும் சீமெந்தும் சேர்த்துக் குழைத்து உள்ளே செலுத்துவது முறை. மணலைப் பிணைக்கச் சீமெந்து எவ்வளவு வேண்டும், அதில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சாம்பலைச் சேர்க்கலாமா என்றறிய, அக்குழம்பைக் குழாய்த்துண்டுகளில் வார்த்துக் கட்டிகளாக்கினார். அவற்றை எங்கள் அறைக்குப் பின்னிருந்த இருட்டறையில் ஈரச்சாக்கால் மூடிவைத்தார். கட்டிகள் போதிய வலிமை பெற்றால்தான் நிரப்பல் தொடங்கும். அதன் பின்னரே நாங்கள் வீடு திரும்பலாம்.

ஒருநாள் நான் மாத்தளைக்குக் கண்மருந்து வாங்கப் போய்த் திரும்பினால், முற்றத்துப் பாயில் மிளகின் நடுவே அந்தக் கட்டிகள் வெயிலில் கிடக்கின்றன.

"அக்கா, மிளகு எடுக்கிற கடையில இத எடுக்க மாட்டாங்களே," என்று வியாபாரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மிளகு காயிறதுக்குள்ள இது காஞ்சிரும், பாருங்க," என்றாள் என் மனைவி.

பிற்பகலில் பொறியியலாளர் வந்தார். பாயருகே அமர்ந்து ஒரு கட்டியின் விளிம்பை விரலால் அழுத்தினார். மாவாக உதிர்ந்தது, விரலில் காக்காய்ப்பொன் துகள் மின்னியது.

"யாரும்மா இத வெளிய எடுத்தது?"

"நான்தான், மகள். எத்தன நாளா ஈரமாவே கெடக்கு. காஞ்சா வெரசா வீட்டுக்குப் போகலாமேன்னு..."

"சீமெந்து காஞ்சு இறுகுறதில்லம்மா. தண்ணி கூடவே இருந்தாத்தான் இறுகும். சொரங்கத்துக்குள்ளயும் ஈரந்தானே? இது இனி சோதனைக்கு ஒதவாது. புதுசா வார்க்கணும்."

"அப்ப, நாங்க வீட்டுக்குப் போறத நானே தள்ளி வச்சிட்டேன்."

வியாபாரி பாயை ஒருபுறம் இழுத்து, மிளகைக் கிளறத் தொடங்கினார்.

புதிய கட்டிகளைக் காக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். விடிந்ததும் சன்னலருகே நின்று எதிர்ச்சரிவைப் பார்ப்பாள். பின்பு போய்ச் சாக்கை நனைப்பாள். பல்லேகமவில் உறவினர் திருமணத்துக்கு அழைத்தபோதும் அவள் வரவில்லை. "சாக்கு காஞ்சா வீடு இன்னும் தூரமாப் போயிரும். நீங்க போயிட்டு வாங்க," என்றாள். நான் தனியே போய் வந்தேன்.

கட்டிகள் தேறின. சுரங்கம் நிரம்பியது. வீடு திரும்பிய அன்று, விளக்கேற்றுமுன் அவள் சமையலறைச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து நெடுநேரம் நின்றாள். அதன்பின் இரண்டு மழைக்காலங்களே அந்த வீட்டில் வாழ்ந்தாள்.

சுவர் மறுபடி வெடிக்காமல் இன்றும் நிற்கிறது. அதனருகே அமர்ந்துகொண்டு, வீடு எதிர்ச்சரிவிலும் அவள் என் பக்கத்திலும் இருந்த அந்த ஓரறை நாள்களுக்கே இப்போது ஏங்குகிறேன்.

சுரங்கவியல் அறிந்தோர் இதில் பிழை காணின் திருத்தியருள்க. அவள் வாயால் இந்நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் உக்குவளையில் பலர் உண்டு. அவள் சொன்னதிலிருந்து நான் எங்கேனும் வழுவியிருந்தால், அவர்களும் வந்து அவள் சொன்னபடியே ஒருமுறை சொல்லவேண்டுகிறேன்.