பாஸ்போர்ட்டில் இருந்த பெரியவள்

எங்கள் பக்கத்தில் அப்போது கைக்குழந்தைக்கென்று தனி பாஸ்போர்ட் யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் படத்தையும் சேர்த்துவிடுவார்கள். என்னுடையதில் என் பெரிய மகள் இருந்தாள். மஸ்கட்டில் மெக்கானிக்காக இருந்த வீட்டுக்காரரிடம் போகலாம் என்று எடுத்து வைத்தது. விசா வருவதற்குள் ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அப்போது சின்னவள் என் வயிற்றில் இருந்தாள்.

சின்னவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு விசா வந்தது. அதற்கு ஒரு கெடு இருந்தது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் அவ்வளவுதான், மறுபடி கொடுப்பது வீட்டுக்காரருடைய முதலாளியின் மனசைப் பொறுத்தது. சின்னவள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மெட்ராசுக்கு அனுப்பினால், பாஸ்போர்ட் ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற குழந்தை எங்கே, இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் சின்னப் பிள்ளை செத்தால் யார் போய்ப் பதிந்தார்கள்? துணியில் சுற்றி ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், குளித்துவிட்டு வருவார்கள். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய் விழுந்து கிடப்பாளாம், அடுத்த பிள்ளை தங்காதாம். ஆக, சர்க்கார் கணக்கில் என் பெரியவள் உயிரோடுதான் இருந்தாள்.

கள்ளக்குறிச்சி டிராவல்ஸ்காரருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ அலைச்சல்? ரெண்டும் பொட்டப்புள்ளதானே? பெரிசு பேர்லயே சின்னத இட்டுக்கினு போயிடு. கொழந்த மூஞ்சிய எவன் பாக்கறான்?"

"உன் பொண்ணு செத்திருந்தா இப்பிடிச் சொல்லுவியா நீ?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவர் சொன்னபடி செய்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது, அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. சான்றிதழ் கேட்டு மாமனார் மனுக் கொடுத்திருந்தார். தாலுகா ஆபீசில் எங்களை விசாரணைக்கு வரச் சொன்ன அன்று, ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. வெட்டியவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், என் விசாவுக்கு அதெல்லாம் தெரியுமா? மாமனாரும் நானும் நடந்தே கிளம்பினோம். மரம் குறுக்கே கிடந்த இடத்திலெல்லாம் அவர் முதலில் ஏறி நின்று கையை நீட்டுவார். சின்னவளை அவரிடம் கொடுத்துவிட்டு நான் ஏறுவேன். வழி முழுவதும் இப்படியேதான் போனோம்.

ஆபீசில் அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு மாமனாரைக் கேட்டார்.

"கொழந்தைய அடக்கம் பண்ணது யாரு?"

"நாந்தாங்க."

"எந்த எடத்துல?"

மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார்.

"பெரியவரே, எடத்தச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

நான் நகரவில்லை. "சொல்லுங்க மாமா. பரவாயில்ல."

"நம்ம கொல்லையிலதாங்க," என்றார் அதிகாரியிடம். "கெணத்து மேட்டுல. எலுமிச்ச மரத்தாண்ட."

கொல்லைக் காட்டில் களையெடுக்கப் போனால் நான் கூழ் குடிக்க உட்காரும் இடம் அது. சின்னவளுக்குப் பால் கொடுத்துவிட்டு, அந்த மரத்தடியில்தான் துணி விரித்துப் படுக்க வைப்பேன். அங்கே உட்காராதே, எறும்பு ஜாஸ்தி என்று மாமனார் எத்தனையோ முறை விரட்டியிருக்கிறார். இந்த மனுஷனுக்கு என் மேல் என்னதான் கோபமோ என்று மனசுக்குள் நான் திட்டாத நாளில்லை.

சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் மரங்களிடம் வந்ததும் அவர் பழையபடி கையை நீட்டினார், நான் குழந்தையைக் கொடுத்தேன்.

கெடு முடியப் போகிற நேரத்தில், இனி வராது என்று நான் சோறு தண்ணி மறந்து கிடந்தபோது பாஸ்போர்ட் வந்தது. பெரியவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் கீழே சின்னவள் பெயர்.

புறப்பட்ட அன்று ரோடு திறந்திருந்தது. வாடகைக் காரில் முன்னால் உட்கார்ந்திருந்த மாமனார், கொல்லைக்கு நேரே வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எறங்கிப் பாத்துட்டு வரியாம்மா?"

ஊரில் சொல்வது சரிதான். இறங்கினால் அங்கேயே விழுந்து கிடப்பேன், எழுந்திருக்க மாட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். கார் கிளம்பியபோது, என் மடியில் இருந்த சின்னவள் ஜன்னல் வழியாக எலுமிச்சை மரத்துக்கு டாட்டா காட்டினாள். பார்த்ததற்கெல்லாம் டாட்டா காட்டுகிற வயது அவளுக்கு.