யூசுப் அண்ணன் அழித்த பதினொரு கேள்விக்குறிகள்

முகமது யூசுப் அண்ணனைப் பற்றி எங்கள் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவர் கை பட்டது எதுவும் தப்பாகப் போகாது. முப்பத்தோரு வருடமாக அங்கே டெக்னீஷியன். பட்டம் கிடையாது. பேராசிரியர்கள் மாறினார்கள், மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த ஆயிரத்து எண்ணூறு பாக்டீரியா வகைகள் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைந்து கிடக்கும் நாலு ஃப்ரீசர்களும், பிடோக்கிலிருந்து தினமும் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடும் அண்ணனும் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

கோபக்காரர். ஒரு குப்பியை எடுத்து வேறு வரிசையில் வைத்துவிட்ட மாணவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குலா பிஎச்டி?" என்று கேட்டார். அந்தப் பையன் இன்று பெரிய இடத்தில் இருக்கிறான். இன்னமும் அண்ணனைக் கண்டால் பம்முவான்.

நான் சுதா. ஐந்து வருடங்களுக்கு முன்பு அந்தக் கூடத்தில் தகவல் பிரிவுக்கு வந்தேன். அண்ணன் கையால் எழுதி வைத்திருந்த பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, பதினாலு நாடுகள் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த ஒரு வலையமைப்போடு இணைப்பது என் வேலை. ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஒரு தொகுப்பு தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல்முறை. எல்லாரும் ஒரே கட்டங்களில், ஒரே மாதிரி நிரப்பினால், எந்த ஊர் மாணவரும் தேடிப் பார்த்து, வேண்டியதை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பெரிய பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டாம். நல்ல காரியம். இன்றும் அதை நல்ல காரியம் என்றே சொல்வேன். அதற்கு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வாய் கூசுகிறது.

அண்ணனின் பதிவேட்டில் பதினொரு எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு லாங் வீக்கெண்ட்ல மூணாம் நம்பர் ஃப்ரீசர் படுத்துடுச்சு. நான் வந்து பாக்குறப்ப ஒரு பெட்டில லேபிள் எல்லாம் உரிஞ்சு கீழ கெடக்குது. குப்பி இருந்த எடத்த வச்சு ஞாபகமா எழுதி ஒட்டினேன். எழுபது குப்பிக்கு மேல ஷுவர். இந்தப் பதினொண்ணு மட்டும் கெஸ்."

அதுவரை அவர் வாயில் 'கெஸ்' என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பட்டியலை வலையமைப்பில் ஏற்றியபோது அந்தப் பதினொரு வரியும் திரும்பி வந்தன. 'அடையாளம் உறுதிசெய்யப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டைத் தவிர எதையும் சிஸ்டம் ஏற்காது. பதினாலு நாட்டு நிபுணர்கள் இரண்டு வருடம் கூடிப் பேசி வடிவமைத்த படிவம் அது. 'தெரியவில்லை' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன் இருப்பான் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இல்லைன்னு போட்டா?" என்றார் அண்ணன்.

"அந்த வரி சிவப்புல தெரியும். யாருக்கும் அனுப்பமுடியாது. பக்கத்துல பொறுப்பாளர்னு உங்க பேரு இருக்கும்."

"என் பேருக்குப் பக்கத்துல பதினொரு செவப்பு. ஒலகம் பூரா பாக்குறதுக்கு."

ஆய்வுக்கூடத் தலைவர் நடேசன் வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பட்டியலும் போய்ச் சேரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அப்போது நான்தான் சொன்னேன்: "அண்ணே, கேள்விக்குறிய எடுத்துட்டு ஆம்னு போட்டுடுங்க. அப்புறமா டெஸ்ட் பண்ணித் திருத்திக்கலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பதினொரு 'ஆம்' போட்டுக் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, பதிவேட்டைத் திறந்து பென்சில் குறிகளையும் ரப்பரால் அழித்தார்.

தன் தொகுப்பு முழுவதையும் குறையில்லாமல் ஏற்றி முடித்த முதல் நாடு எங்களுடையதுதான். கேக் வெட்டினோம். படம் எடுத்தார்கள், நடுவில் அண்ணன். நான் சொன்ன 'அப்புறமா' வரவே இல்லை.

சென்ற வருடம் நோன்பு தொடங்கிய வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் வசந்தகுமாரி என்ற ஆய்வு மாணவி. எங்கள் பெயர்களைப் பார்த்துத் தமிழிலேயே எழுதியிருந்தாள். எங்களிடமிருந்து 1142ஆம் எண் குப்பியைப் பெற்று, உப்பேறிய நிலத்தில் நெல் வளர அந்த பாக்டீரியா உதவுமா என்று இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள். தொட்டியில் பார்த்தாள். பிறகு அவள் அப்பா தன் வயலிலேயே இரண்டு பரப்பு நிலத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டு போகமும் பயிர் மஞ்சளாகிச் செத்தது. கடைசியில் மரபணுச் சோதனை செய்து பார்த்தால், கையில் இருப்பது வேறேதோ பாக்டீரியா.

"என் கையில்தான் கலப்படம் நடந்திருக்கவேண்டும் என்று என் பேராசிரியர் சொல்கிறார். நானும் அப்படியே நம்புகிறேன். உங்கள் தொகுப்பின் பெயருக்குக் களங்கம் வராதபடி அதை ஆய்வேட்டில் தெளிவாக எழுதிவிடுவேன். இன்னொரு குப்பி அனுப்ப முடியுமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது."

அண்ணன் அதை என் திரையில் நின்றபடியே படித்தார். 1142 என்ற எண்ணைக் கண்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். அந்தப் பதினொன்றில் ஒன்று.

எங்களிடம் இருந்த 1142ஐ அவரே சோதித்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கலப்படம் அவள் கையில் நடக்கவில்லை. நாங்கள் அனுப்பியதே தப்பான குப்பி.

"அவளுக்கு என்ன எழுதட்டும்?" என்றேன்.

"விசாரிக்கிறோம்னு எழுது."

எழுதினேன். என்ன விசாரணை? சோதனை முடிவு அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு மாணவன் தடுக்கி விழுந்தால்கூட ஊரைக் கூட்டுகிற மனிதர், தன் தப்பு என்றதும் வாயைப் பூட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட அசிங்கமானது என்னவென்றால், சொல்லவேண்டியவர் அவர்தானே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் யாரையும் திட்டவில்லை. குப்பியை மாற்றி வைத்தவனைக்கூட ஒன்றும் கேட்காமல், தானே எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். பெருநாளன்று நாங்கள் சிலர் பிடோக்கில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி மைமூன் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"சுதா, ஆபீஸ்ல யாராச்சும் இவங்கள ஏதாவது சொன்னாங்களாம்மா? நோன்பு தொறந்தா ரெண்டு வாய் கஞ்சிதான். சாப்பாடே எறங்க மாட்டேங்குது."

"வேல ஜாஸ்தி அக்கா," என்றேன். அவர் கையால் வைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஏழாவது வாரம் வசந்தகுமாரியிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. படிப்பை இடையில் நிறுத்திக்கொள்கிறாளாம். விசாரிக்கவேண்டிய அவசியம் இனி இல்லையாம். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவேண்டுமாம்.

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "மன்னிப்பு வேற கேக்குது, பாரு" என்றார். நேராக நடேசன் அறைக்குப் போனார்.

நடேசன் கெட்டவர் இல்லை. "தொழில்நுட்பக் காரணம்னு போட்டுப் பட்டியல திருத்திடுங்க, போதும். ஏன் உங்க பேரக் கெடுத்துக்கிறீங்க?" என்றார். பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் காரணத்தையும் எழுதவேண்டும்; அது அந்த வரியோடு என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் பூசி மெழுகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: ஃப்ரீசர் பழுதான நாளில் இந்தப் பதினொரு குப்பிகளுக்கும் நான் ஊகித்து லேபிள் ஒட்டினேன். சந்தேகம் என்று குறித்து வைத்திருந்தேன். பட்டியலில் ஏற்றும்போது அந்தக் குறியை நானே அழித்தேன். முகமது யூசுப்.

'நானே' என்பதை நான்தான் தட்டச்சு செய்தேன். 'ஆம்' போடச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. என் பெயரையும் போடுங்கள் அண்ணே என்று நான் சொல்லியிருக்கவேண்டும். விரல் வேலை செய்தது, வாய் செய்யவில்லை. இதை எழுதுவதே அதனால்தான்.

ஒரு நிமிடத்தில் அந்தக் குறிப்பு பதினாலு நாடுகளுக்கும் போய்விட்டது. அன்றே அண்ணன் வசந்தகுமாரிக்கும் அவள் பேராசிரியருக்கும் தனித்தனியாக எழுதினார். பேராசிரியர் அவளிடம் வருத்தம் தெரிவித்தார். பல்கலைக்கழகம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஒரு வருடம் கூடுதலாகவும் கொடுத்தது. அவளிடமிருந்து பதில் வந்தது.

"நன்றி ஐயா. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது. நான் சொன்னால் தப்பிக்கச் சாட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். நீங்கள் அவரோடு ஒருதரம் கதைப்பீர்களா?" கீழே ஒரு தொலைபேசி எண். அப்பா பெயர் சின்னத்தம்பி.

பதினாலு நாடுகளுக்கு ஒரே நாளில் சொன்னவருக்கு இந்த ஒருவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. "நீயும் கூட இரு சுதா" என்றார். சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில், கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஓரமாக ஒரு மேசை பிடித்தோம். தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் எண்ணை அழுத்தினார். எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டிவைத்தார்.

"ஓம், சொல்லுங்கோ. ஆர் கதைக்கிறது?"

"ஐயா, நான் சிங்கப்பூர்லேர்ந்து முகமது யூசுப் பேசுறேன். உங்க பிள்ளைக்கு அந்தக் குப்பிய அனுப்புனவன்."

"ஐயோ, ஐயா, நீங்களே எடுத்தனீங்களோ! மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை கவனமில்லாமச் செய்துபோட்டாள். உங்களுக்கும் வீண் கரைச்சல்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க. தப்பு உங்க பிள்ளை மேல இல்ல. என் மேல. நான் தப்பான குப்பிய அனுப்பிட்டேன். அதுல சந்தேகம் இருந்துச்சு, எனக்குத் தெரியும். மறைச்சிட்டேன். உங்க பிள்ளை எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவள் சரியாத்தான் செய்தவளோ?"

"சரியாத்தான் செஞ்சுச்சுய்யா."

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், என்ர மகள் உப்பு நிலத்திலை நெல்லு விளைவிக்கப் போறாள் எண்டு. பயிர் செத்தாப் பிறகு சனம் சிரிச்சுது. அந்தக் கோவத்திலை நான் அவளைப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டன். இப்ப அஞ்சு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை." மூச்சு வாங்குவது கேட்டது. "இனி என்ன மூஞ்சியோட அவளிட்டைப் போறது, ஐயா?"

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். தன் வெட்கத்தை இறக்கி வைக்க வந்தவர், அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டார். அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"எனக்கும் அது தெரியாமத்தான் ஏழு வாரம் சும்மா இருந்தேன்யா" என்றார். "அந்த ஏழு வாரத்துலதான் உங்க பிள்ளை படிப்ப விட்டுச்சு. நீங்க இப்பவே போங்க."

சின்னத்தம்பி தொடர்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. "பிள்ளை" என்று கூப்பிட்டார். தூரத்தில் ஒரு பெண்குரல், "என்னப்பா?" என்றது. சின்னத்தம்பி அழுகிறார் என்று தெரிந்தது.

நான் இன்னும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கையை நீட்டிப் போனை அணைத்தார்.

"இதுக்கு மேல கேக்குற யோக்கியதை நம்ம ரெண்டு பேருக்கும் இல்லலா" என்றார்.