வார்ட்டுக்குப் போன சிங்களப் பாடம்

1. சோதினைக்கு வராத பாடம்

"ரீச்சர், இது சோதினைக்கு வராதுதானே?"

மட்டக்களப்புச் செட்டிபாளையம் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இரண்டாம் மொழி சிங்களம் கற்பிக்கப் போன முதல் நாளே தரம் ஒன்பது பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. வராதுதான். சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயப் பாடமில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். என் பாடவேளையில் கணக்குச் செய்தார்கள். அதுவும் இல்லாவிட்டால் மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார்கள்.

பாட்டு, விளையாட்டு, நாடகம் எல்லாம் செய்து பார்த்தேன். சரியாகச் சொன்னால் பேனை என்றேன். பேனை வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் சொல்லை மறந்துவிட்டு, புதுப் பேனை கேட்டாள்.

"பிள்ளைகளுக்கு ஆர்வம் வாற மாதிரிப் படிப்பியுங்க ரீச்சர்" என்றார் அதிபர்.

ஆர்வம் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒரே யோசனைதான். பிழை பாடத்திலா, பிள்ளைகளிலா, என்னிலா?

2. அவள் முதலில் கேட்ட வசனம்

அந்த வகுப்பில் தர்சிகா என்று ஒருத்தி. பாடம் பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே காட்டுகிறவள். ஒருநாள் மணி அடித்த பிறகும் போகாமல் என் மேசையருகே நின்றாள்.

"அம்மாவுக்கு இதயத்தில வால்வு பழுதாம் ரீச்சர். கண்டிக்குப் போய் ஒப்பரேசன் செய்யணுமாம்."

அவளுடைய அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர். பெண்கள் வார்ட்டில் அவர் தங்க முடியாது. பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவார்கள். அம்மா தனியாகத்தான் இருக்க வேண்டும். கண்டி ஆஸ்பத்திரியிலோ பெரும்பாலும் சிங்களம்தான்; இருவருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது.

"எனக்குச் சிங்களம் படிப்பியுங்க. நான் அம்மாவுக்குப் படிப்பிக்கிறன்."

நோவு, தண்ணீர், மருந்து என்ற சொற்களில் தொடங்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அதெல்லாம் பிறகு. 'எனக்கு விளங்கல்ல' எண்டு எப்படிச் சொல்ற? அதை முதல்ல சொல்லித் தாங்க. டொக்டர்மாரெண்டா அம்மாவுக்குப் பயம். ஆர் என்ன கேட்டாலும் 'ஓம்' எண்டு தலையாட்டிருவா."

நான் இத்தனை வருடம் பழங்களிலும் பறவைகளிலும் தொடங்கிய பாடத்தை அவள் இங்கே தொடங்கச் சொன்னாள். 'மட்ட தேரென்னே நே' என்று எழுதிக் கொடுத்தேன். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அதன்பிறகு இடைவேளைகளில் எனக்குத் தேநீர் குடிக்க நேரமில்லை.

"அம்மா கடைசி 'நே'யை முழுங்கிறா ரீச்சர். அது இல்லாட்டி விளங்குது எண்டு ஆகிப்போகுமே?"

எதிர்மறை வாக்கியத்தை வாரக்கணக்காகக் கற்பித்தும் வகுப்பிலிருந்து ஒரு சந்தேகம் வந்ததில்லை. இப்போது மற்றப் பிள்ளைகளும் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி நேர்ஸாக நடித்தாள், இன்னொருத்தி நோயாளியானாள்.

3. பார்க்க வந்த நேர்ஸ்

அம்மா கண்டிக்குப் போன நாட்களில் தர்சிகாவால் வகுப்பில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கரும்பலகையில் பாதி வசனத்தை எழுதிவிட்டு மீதி என்னவென்று மறந்து நின்றிருக்கிறேன்.

ஒப்பரேசன் முடிந்து அம்மா வீடு வந்ததும் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை.

"கத்தி வைக்கிறதுக்கு முதல் ஒரு மிஸ்ஸி வந்து என்னமோ கேட்டாங்க ரீச்சர். வழமை போலத் தலையாட்டத்தான் போனன். இவள் பேசினதெல்லாம் ஞாபகம் வந்திட்டு. 'மட்ட தேரென்னே நே' எண்டன். 'நே'யை முழுங்கவும் இல்ல."

நேர்ஸ் சிரித்துவிட்டு, பக்கத்து வார்ட்டிலிருந்து தமிழ் தெரிந்த ஓர் ஊழியரைக் கூட்டிவந்தாராம். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்பதுதான் கேள்வி. பல வருடங்களுக்கு முன் ஒரு ஊசி போட்டபோது அம்மாவுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது. கண்டியில் யாருக்கும் அது தெரியாது. அம்மா சொன்ன பிறகு கொடுக்கவிருந்த மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

தர்சிகா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்க என்ன சொல்லால கேட்டாங்கம்மா? அந்தச் சொல்லைச் சொல்லுங்க."

"ஆருக்குத் தெரியும் மகள்!"

"ரீச்சர், அது என்ன சொல்?"

சொன்னேன். அம்மாவும் மகளும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள்.

4. இப்போது

இப்போதெல்லாம் முதல் வகுப்பில் பழங்களையும் பறவைகளையும் தொடுவதில்லை. "சிங்களத்தில நீங்க ஆரோட பேச வேண்டி வரும்?" என்றுதான் கேட்கிறேன். மீன் ஏற்ற வரும் லொறிக்காரரோடு என்கிறான் ஒருவன். குருநாகலில் இருந்து வந்த சிங்கள அண்ணியோடு என்கிறாள் ஒருத்தி. அன்றைக்கு அவர்கள் கேட்கும் வசனமே அன்றைய பாடம். பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று அதிபர் குறைபடுகிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.

பதில் இல்லாமல் யன்னலைப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களை நினைத்தால்தான் மனம் அமைதிப்படுவதில்லை. அவர்கள் படிப்பதற்கான காரணம் நோயாகவோ இழப்பாகவோ வந்து சேரக்கூடாது என்று பயப்படுகிறேன். பிள்ளை எதற்காகப் படிக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. கேட்கலாம். கேட்டதை அன்றே கொடுக்கலாம். இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள்: "எனக்கு ஒருத்தரோடயும் பேசத் தேவையில்ல ரீச்சர்."

"சரி மகள், இரு. நாளைக்கும் கேப்பன்" என்றேன்.