அந்த வயலின் பிட்

ஊரெல்லாம் கேட்ட ஒரு சினிமாப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் வயலின் பிட்டை வாசித்தவன் நான். கேசட்டில் என் பெயர் இல்லை. வாசித்த யாருடைய பெயரும் இல்லை. அதற்காக நான் வருந்தியதில்லை. ஒலிப்பதிவில் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் என் நண்பன். சேலம் சூரமங்கலத்து மாதா கோயில் பாடற்குழுவில் ஒன்றாக வளர்ந்து, சென்னைக்கு ஒன்றாகப் போய், ஒன்றாகவே ஊர் திரும்பியவர்கள் நாங்கள். அவனுக்குத் தெரியும், அது போதும் என்றிருந்தேன்.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அவன் சிறப்பு விருந்தினர். என்னையும் காரில் கூட்டிப்போனான். மேடையில், "இது நான் வாசிச்சது" என்று சொல்லி அந்தப் பிட்டை வாசித்தான். ஒரு பிசிறு இல்லை.

பக்கத்திலிருந்த ஆசிரியை கேட்டார்: "ஏனுங்க, நீங்களும் வாசிப்பீங்களாங்க?"

"கொஞ்சம்" என்றேன்.

வெளியே வந்ததும் அவனிடம் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீதான் யார்கிட்டயும் சொல்லிக்கலையே. சும்மாதானே கிடந்துச்சு" என்று சிரித்தான்.

நான் அவன் காரில் ஏறவில்லை. சேலத்துக்குப் பஸ் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவன் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.