ஓடாத மீற்றர்

இப்ஹாம் ஒன்பது வருடமாகக் கண்டியில் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறான். ஹந்தானைச் சரிவில் உள்ள ஒழுங்கைகள் அவனுடைய பகுதி. மூடியைத் தூக்கி, கண்ணாடியை விரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்கட்டில் ஏறுவான். எந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

மேலே, பாதை முடிகிற இடத்தில், ஒரு வீட்டின் எண் மட்டும் நகர்வதில்லை. ஆறு வருடமாக அதே 417. கண்ணாடிக்குள் இருக்கும் சின்னச் சிவப்புச் சக்கரம் அசைந்ததே இல்லை. அந்த வீட்டுக்கு அவன் மாதாமாதம் பூச்சியம் எழுதினான். எழுதிவிட்டு வாசற்படியில் சிறிது நேரம் உட்காருவான். பனி இறங்கினால் கீழே நகரம் இல்லாமல் போய்விடும். அப்போது மனதுக்குள் அந்த வீட்டில் நடந்து திரிவான். ஜன்னலோரம் மனைவி பஸ்லினாவின் தையல் மெஷின். பின்னால் ஒரு நீண்ட அறை, அது நிறைய வெயில். ஒருமுறைகூட ஜன்னலால் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அறைகள் குறைந்துவிடும் போலிருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளை மாத முடிவில் விட வேண்டும். வீட்டுக்காரரின் மகன் கட்டாரிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். நாலு ஞாயிறாக இருவரும் வீடு பார்த்தார்கள். ஒரு வீட்டில் குசினி படிக்கட்டுக்குக் கீழே. நிமிர்ந்து நின்று சமைக்க முடியாது. இன்னொன்றில் மெஷின் சத்தம் கூடாது என்றார்கள். மூன்றாவது, தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வேறு யாருக்கோ போய்விட்டது. அக்குறணையில் ஒன்று வாடகைக்குப் பொருந்தியது. ஆனால் சுவரில் இடுப்பளவில் வெள்ளம் விட்டுப்போன கோடு இருந்தது. பஸ்லினா அதில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மெஷினை எங்கே தூக்கி வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இப்ஹாம் அந்த 417 வீட்டைப் பற்றிச் சொன்னான்.

"ஆறு வருஷமா ஒரு ஊட்ட வச்சிக்கிட்டு எனக்குச் சொல்லல்லியா?" என்றாள்.

கடைசி ஞாயிறு இருவரும் மேலே ஏறினார்கள். பழக்கத்தில் மூடியைத் தூக்கினான். 418. சிவப்புச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைத்தான். ஆனால் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.

பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த மனிதர் கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக்காரி பத்மாதேவி கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், இப்போது யாழ்ப்பாணத்தில் என்றார். அவருக்கு அழைப்பெடுத்து, மீற்றர்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லிப் போனை இப்ஹாமிடம் நீட்டினார்.

உள்ளே நீண்ட அறை இல்லை. இரண்டு சின்ன அறைகள், ஒரு அலுமாரி, துணி போர்த்திய கதிரைகள். குசினிக் குழாயின் வாஷர் உக்கிப்போய்த் தரையெல்லாம் தண்ணீர். பஸ்லினா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பழைய சாக்கால் துடைக்கத் தொடங்கினாள்.

குழாய்தான், பெரிய சேதமில்லை என்று அவன் போனில் சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமையும் மீற்றர் பாக்க வாறனீங்களோ?" என்று பத்மாதேவி கேட்டார்.

ஆம் என்று சொல்லிவிடலாம். பஸ்லினா துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இல்ல டீச்சர். நானும் பொஞ்சாதியும் ஊடு கேக்க வந்த. மாசம் இருபதாயிரத்துக்கு மேல குடுக்க ஏலா."

பனி கதவு வழியே உள்ளே வந்தது.

"மாசாமாசம் பூச்சியம் போடுறது நீங்களோ?"

"நான்தான்."

"அந்தப் பில்லைப் பக்கத்து வீட்டுக்காரர் படமெடுத்து அனுப்புவார். பூச்சியத்தைப் பாத்தால் வீடு அப்பிடியே இருக்கெண்டு நிம்மதியாப் படுப்பன்." கொஞ்சம் பொறுத்து, "அப்பிடியே இருக்கேல்லைத்தானே" என்றார்.

அவன் குனிந்து, தண்ணீரில் நனைந்த கதிரைத் துணியை மேலே சுருட்டினான்.

"வாஷரை மாத்துங்கோ. ஒண்டாந் திகதி வந்திருங்கோ. இப்ப அந்தக் குழாயைத் திறந்து விடுங்கோ. முதல்ல கலங்கலாத்தான் வரும். தெளிஞ்சாப் பிறகு மனிசியைக் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

பஸ்லினா குழாயைத் திறந்தாள். அது இருமிவிட்டுச் செம்மண் நிறத்தில் கொட்டியது. இப்ஹாம் வெளியே வந்து மூடியைத் தூக்கினான். சக்கரம் சுற்றிய வேகத்தில் சிவப்பு தெரியவில்லை. கீழே நகரமும் தெரியவில்லை.

இன்னும் ஓடட்டுமா என்று உள்ளே இருந்து அவள் கேட்டாள்.

ஓடட்டும் என்றான்.